மாநிறத்துக்கு மாஸ்டர் பேனல் இல்லை

என் மனைவியின் பதினாறாம் நாள் காரியத்துக்கு மகன் அவளுடைய போட்டோவைப் பெரிதாக்கி, சட்டம் போட்டுக் கொண்டுவந்தான். ஓசூரில் புதிதாகத் திறந்திருந்த ஒரு டிஜிட்டல் ஸ்டுடியோவில் செய்தது. கண்ணாடிக்குள் ஒரு பெண் இருந்தாள். மூக்கும் மூக்குத்தியும் என் மனைவியுடையவை. வலது புருவத்துக்கு மேலிருந்த தழும்பைக் காணவில்லை. நிறம் யாருடையதோ. பாலில் ரோஸ்மில்க் எசன்ஸ் கொஞ்சமாகக் கலந்தால் வருமே, அது.

காரியம் முடிந்த பிறகு ஸ்டுடியோவுக்குப் போனேன்.

"கொஞ்சம் பிரைட் பண்ணியிருக்கேன் சார். அதுக்குத் தனியா சார்ஜ் இல்ல" என்றார் ஸ்டுடியோக்காரர், உபகாரம் செய்தவரின் முகத்தோடு.

"குறைக்க முடியுமா?"

"கொறைக்கவா?" அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். "எல்லாரும் ஏத்தித்தான் சார் கேப்பாங்க. செத்துப்போனவங்கள யாராவது கொறைப்பாங்களா?"

அவர் சொன்னது நியாயம். திரும்பி வந்துவிட்டேன்.

நான் இந்த ஓசூர்த் தொழிற்பேட்டையில் இரு சக்கர வண்டிகளுக்கு உதிரிப் பாகம் செய்யும் ஒரு கம்பெனியில், பெயின்ட் ஷாப் தரக்கட்டுப்பாட்டில் இருந்து ஓய்வு பெற்றவன். பெட்ரோல் டேங்க், சைடு கவர் ஆகியவற்றின் நிறம் சரியா என்று பார்ப்பதுதான் என் உத்தியோகம். ஒவ்வொரு நிறத்துக்கும் வாடிக்கையாளர் ஒப்புக்கொண்ட ஒரு தகடு இருக்கும். அதற்கு மாஸ்டர் பேனல் என்று பெயர். வெளிச்சம் படாமல் உறையில் போட்டுப் பூட்டி வைத்திருப்போம். சந்தேகம் வந்தால் வெளியே எடுத்து, பொருளைப் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். மனதில் இருக்கும் நிறத்தை நம்பி ஒரு டேங்கைக்கூட அனுப்பக் கூடாது. இதைப் புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு வருடா வருடம் வகுப்பெடுத்தே என் தொண்டை போனது.

போட்டோவை ஹாலில் மாட்டியாகிவிட்டது. சாப்பாட்டுக்கும் குளியலுக்கும் அதைத் தாண்டித்தான் போக வேண்டும். சில வாரங்கள் கழித்து ஒரு மாலை, அரிசி களைந்துகொண்டிருந்தபோது அவள் முகத்தை நினைத்தேன். ரோஸ்மில்க் நிறத்தில் வந்தது. தலையை உதறிவிட்டு மறுபடி நினைத்தேன். மறுபடியும் அதேதான். அரிசியை அப்படியே வைத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்தேன். ஆஸ்பத்திரியிலும் சுடுகாட்டிலும் வராத பயம் அப்போது வந்தது. அவள் நிறம் என் தலைக்குள் மட்டும்தான் இருந்தது, அங்கேயும் அழிந்துகொண்டிருந்தது. முழுக்கப் போவதற்குள் அதை எடுத்து எதன் மீதாவது பூசி வைத்துவிட வேண்டும்.

பழைய போட்டோக்களைத் தேடினேன். கல்யாண ஆல்பம் கறுப்பு வெள்ளை. அதற்குப் பின் எடுத்த கலர் படங்களில் எல்லாம் நீலமும் பச்சையும் வெளுத்துப்போய், நானும் அவளும் மகனும் பின்னால் இருந்த கோயில் சுவரும் ஒரே ஆரஞ்சு. மலிவான சாயம் அப்படித்தான் போகும். ஒன்றையும் ஆதாரமாக வைக்க முடியாது.

ஆகவே அவளை மண்ணில் செய்து, அதன் மேல் நிறத்தைப் பூசுவது என்று இறங்கினேன். எனக்கும் சிலைக்கும் உள்ள சம்பந்தம், வருடத்துக்கு ஒரு முறை சதுர்த்திக்கு வீட்டில் கையால் பிள்ளையார் பிடிப்பது. கடையில் அச்சில் போட்ட பிள்ளையாருக்குக் கண் சரியாக இல்லை என்று நான் குறை சொல்லப்போக, "அப்படின்னா நீங்களே பிடிங்க" என்று அவள் தள்ளிவிட்ட வேலை அது. குருபரப்பள்ளிப் பக்கம் நெடுஞ்சாலை ஓரத்தில் பானை விற்கும் ஒரு குடும்பத்திடம் மண் வாங்கினேன். சுட்டுத் தரவும் ஒப்புக்கொண்டார்கள். முதல் உருவம் சூளையில் வெடித்தது. இரண்டாவதை உள்ளே குடைந்து கொடுத்தேன், தப்பித்தது. ஒரு முழ உயரம். சமையலறைத் தரையில் ஒரு காலை மடக்கி, ஒரு முழங்காலை உயர்த்தி, அரிவாள்மனைக்கு முன் அவள் உட்காரும் விதம். அரிவாள்மனையைச் செய்யவில்லை. அதனால் சும்மா உட்கார்ந்து யாருக்கோ காத்திருப்பது போல வந்துவிட்டது.

மனைவியின் தங்கை தர்மபுரியிலிருந்து மாதம் ஒரு முறை வருவாள். அக்கா இல்லாத வீட்டில் மாமா சாப்பிட்டாரா, பட்டினி கிடக்கிறாரா என்று பார்க்க வருவதாகச் சொல்லிக்கொள்வாள். உண்மையில் அவளுக்கும் போக இடமில்லை. அந்த முறை வந்தவள் மண் உருவத்தைச் சுற்றி வந்தாள்.

"என்னா மாமா, சதுர்த்திக்கு இன்னும் நாள் கெடக்குதே."

"இது உங்க அக்கா."

"தெரியுது, தெரியுது. தும்பிக்கைய மட்டும் எங்க ஒளிச்சு வெச்சிருக்கீங்க?"

வயிறு கொஞ்சம் கூடிவிட்டது உண்மைதான். சுட்ட பிறகு ஒன்றும் செய்வதற்கில்லை. ஆனால் முழங்காலையும், அதன் மேல் கிடந்த கையையும் பார்த்ததும் அவள் பேச்சை நிறுத்தினாள். "கை அக்கா கைதான்" என்றாள். பிறகு, "நெறம் அடிக்கப் போறீங்களா?" என்றாள்.

"அதுக்குத்தான் இதெல்லாம்."

வருட திதிக்குள் முடித்துவிட வேண்டும், முடிந்தால் ஹாலில் போட்டோவைக் கழற்றிவிட்டு இதை வைக்க வேண்டும் என்பது என் திட்டம். மகனிடம் போனில் சொன்னேன். அவன் பெங்களூரில் வேலையில் இருந்தான். "நல்லா வந்தா வைக்கலாம்ப்பா" என்றான். கம்பெனியில் என் மேலதிகாரிகள் ஒரு விஷயத்தைக் கைகழுவும்போது இதே குரலில்தான் பேசுவார்கள்.

வேலையை முறைப்படி ஆரம்பித்தேன். ஹார்டுவேர் கடையில் வெள்ளை எமல்ஷனும், அதில் கலக்கும் சாயக் குப்பிகளும் வாங்கினேன். மஞ்சள் காவி, செங்காவி, கறுப்பு. பானைக்காரர்கள் கொடுத்த உடைந்த ஓட்டுச் சில்லுகளுக்கு பிரைமர் அடித்து, ஒவ்வொன்றிலும் ஒரு கலவையைப் பூசி, பின்பக்கம் அளவு எழுதி வைத்தேன். ஈரத்தில் ஒரு நிறம், காய்ந்தால் ஒரு நிறம். காய்ந்த பிறகே முடிவு சொல்ல வேண்டும் என்பது விதி.

அவளை எல்லோரும் மாநிறம் என்பார்கள். பெண் பார்க்கப் போன அன்று தரகர் சொன்னதும் அதுதான். எத்தனையோ கம்பெனிகளின் ஷேடு கார்டுகளைப் புரட்டியவன் நான். ஒன்றிலும் மாநிறம் கிடையாது. கறுப்பு என்று சொல்ல மனம் வராதபோது சொல்லும் சொல் அது. அதற்குக் கீழ் எல்லை உண்டு, மேல் எல்லை உண்டு, நடுவில் ஒரு மாதிரி மட்டும் இல்லை.

முதலில் எனக்குப் பிடிபட்ட கலவை கொஞ்சம் கறுத்தது, சாம்பல் ஓடியது. முகத்துக்கும் கைக்கும் பூசினேன். நெஞ்சில் ஏதோ பொருந்திய மாதிரி இருந்தது. அடுத்த முறை வந்த தங்கை, அதைப் பார்த்ததும் பையைக்கூடக் கீழே வைக்கவில்லை.

"இது அக்கா இல்ல மாமா. அக்காவோட சீக்கு."

எனக்குப் புரிந்துவிட்டது. சிறுநீரகம் போன பிறகு கடைசி இரண்டு வருடங்களில் அவள் கறுத்துக்கொண்டே வந்தாள். நான் கடைசியாகப் பார்த்த நிறம், நினைவில் புதிதாக இருந்த நிறம், அது. தலைக்குள் மேலாக இருந்ததை எடுத்துப் பூசியிருக்கிறேன்.

"அப்ப நீ சொல்லும்மா, எப்படி இருந்தா?"

"செவப்பு மாமா. எங்கூட்ல அக்காதான் செவப்பு. உங்களுக்குக் குடுக்கும்போது செவப்பாத்தான் குடுத்தோம்."

சரக்கு உள்ளே வரும்போது ஆய்வு செய்து கையெழுத்துப் போட்டு வாங்காதவன் பின்னால் வாதாட முடியாது. ஆனாலும் கேட்டேன். "எங்க கல்யாணத்துக்கு முன்னாடி பார்த்த நெறம் அது. நீ அப்ப சின்னப் பொண்ணு. உனக்கு நெனவு இருக்கா?"

அவள் கொஞ்சம் யோசித்தாள். "எங்கம்மா எப்பவும் அப்புடித்தான் சொல்லும்" என்றாள். பிறகு கோபம் வந்துவிட்டது. "போங்க மாமா, எனக்கென்னா தெரியும். நீங்கதான கூட இருந்தீங்க."

நான்தான் கூட இருந்தேன். அந்தப் பொறுப்பிலிருந்து யாரும் என்னை விடுவிக்க முடியாது. சாம்பல் நிறத்தை உப்புத்தாள் போட்டுத் தேய்த்து எடுத்துவிட்டு, திரும்ப ஆரம்பித்தேன்.

இந்த முறை சமையலறையிலேயே உட்கார்ந்தேன். எங்கள் வீடு மூன்று பக்கமும் அடுத்த வீட்டுச் சுவர் ஒட்டிய வீடு. வீட்டு மனை விலை ஏறிய காலத்தில் இந்த ஊரில் எல்லோரும் அப்படித்தான் கட்டினார்கள். சமையலறைக்கு ஜன்னல் என்று ஒன்று உண்டு. திறந்தால் பக்கத்து வீட்டுச் சுவரை விரலால் தொடலாம். நண்பகலிலும் டியூப் லைட் எரிய வேண்டும். அவள் உட்காரும் இடத்தைப் பார்த்துக்கொண்டே சில்லுகளை ஒவ்வொன்றாகக் கையில் எடுத்தேன். நாட்கள் போயின. ஒரு சில்லில் மஞ்சள் காவி தூக்கலாக, செங்காவி பேருக்கு, கறுப்பு ஊசிமுனையளவு. அதைக் கையில் பிடித்தபடி தரையைப் பார்த்தேன். அவள் அங்கே இருந்தாள். வெங்காயத்தை நறுக்கிவிட்டு, புறங்கையால் நெற்றி முடியைத் தள்ளிக்கொண்டு, "என்ன அங்கயே நிக்கறீங்க?" என்று நிமிர்ந்து பார்க்கும் முகம். தழும்போடு.

அதே கலவையைப் பூசினேன். அளவு பிசகவில்லை. இரண்டு பூச்சு. காய்ந்த பிறகு விளக்கை அணைத்துவிட்டுப் போட்டேன். மறுபடி அணைத்துப் போட்டேன். ஒவ்வொரு முறையும் அவள்தான் வந்தாள். பல மாதங்களுக்குப் பிறகு அன்றைக்கு இரண்டாவது தடவை சோறு போட்டுக்கொண்டேன்.

மறுநாள் காலையில் உருவத்தைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு வந்தேன். புடவைக்குப் பூசிய பச்சை நன்றாகக் காய வேண்டியிருந்தது. படியில், வெயிலில் வைத்தேன். அங்கே உட்கார்ந்திருந்தது எனக்குத் தெரியாத ஒரு பெண். முகத்தில் பச்சை ஓடியது. பாசி பிடித்த தண்ணீர்த் தொட்டியின் ஓரம் மாதிரி.

எனக்கு இதன் காரணம் தெரியும். இரண்டு நிறங்கள் ஒரு வெளிச்சத்தில் அச்சு அசலாக ஒத்துப்போகும். இன்னொரு வெளிச்சத்தில் பிரிந்துவிடும். இதற்காகவே எங்கள் பெயின்ட் ஷாப்பில் ஒரு பெட்டி உண்டு, உள்ளே சாம்பல் பூசி, பகல் வெளிச்சத்துக்கு ஒரு விளக்கும் கடை வெளிச்சத்துக்கு ஒரு விளக்கும் வைத்தது. இரண்டிலும் ஒத்துப்போனால்தான் முத்திரை. நான் அவளை ஒரு வெளிச்சத்தில் மட்டும் பார்த்து முத்திரை குத்தியிருந்தேன். சரி, திருத்த வேண்டியதுதான். பகல் வெளிச்சத்தில் அவள் எப்படி இருந்தாள் என்று நினைத்துப் பார்த்து, அதற்கும் இதற்கும் பொதுவாக ஒரு கலவை போட்டால் முடிந்தது.

நினைத்துப் பார்த்தேன்.

விடியும் முன் கம்பெனி பஸ். ஓவர்டைம் முடித்து இருட்டிய பின் வீடு. ஞாயிற்றுக்கிழமை பகலெல்லாம் தூக்கம். அவ்வளவும் டியூப் லைட். வெளியே போகவில்லையா என்றால், போனோம். கிருஷ்ணகிரி அணைக்குப் போனோம். உறவுக்காரர் வீட்டு விசேஷத்துக்கு அஞ்செட்டி போய், பஸ் இல்லாமல் காட்டுப் பாதையில் வெகுதூரம் வெயிலில் நடந்தோம். அந்தப் பாதை நினைவிருக்கிறது. மாடுகள், மூங்கில் புதர், ஒரு வறண்ட ஓடை. அவள் இல்லை. ஏனென்றால் அவள் எனக்குப் பின்னால் வந்துகொண்டிருந்தாள். எங்கள் பக்கத்தில் புருஷன் முன்னால் போவான், பெண்டாட்டி கொஞ்சம் தள்ளிப் பின்னால் வருவாள். என் அப்பா அப்படிப் போனார், அவள் அப்பாவும் அப்படித்தான் போயிருப்பார். கடைவீதியிலும் கோயிலிலும் அணைக்கட்டின் மேலும் அதே வரிசை. பஸ்ஸில் அவளுக்குப் பெண்கள் பக்கம். மொத்தக் கல்யாண வாழ்க்கையிலும் வெயில் அவள் மேல் விழுந்த போதெல்லாம் நான் அவளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டிருந்தேன். அவளுடைய செருப்புச் சத்தம் தெரியும். சத்தம் நின்றால் நானும் நிற்பேன், திரும்பாமல்.

பக்கத்து வீட்டு அம்மாவிடம் கேட்டுப் பார்த்தேன். தெலுங்குக்காரர். மாடியில் துணி காயப்போடும்போது இருவரும் மணிக்கணக்கில் பேசுவார்கள், அவர் தெலுங்கிலும் இவள் தமிழிலும்.

"அக்கா கலரா அண்ணா?" அவர் மண் உருவத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். "அவங்க எப்பவும் மொகத்துல மஞ்சா பூசியிருப்பாங்க கதா. நான் பாத்தது மஞ்சாதான் அண்ணா."

"கை?"

"கையை யார் அண்ணா பாத்தாங்க? பேச்சுதான் பாத்தோம்."

மகனிடம் கேட்டேன். சின்ன வயதில் அவனைக் கையைப் பிடித்துப் பள்ளிக்கூடம் அழைத்துப் போனவள் அவள்.

"அம்மா... அம்மா கலர்ப்பா" என்றான். "நார்மல் கலர். ஏம்ப்பா இதெல்லாம்? சாப்பிட்டீங்களா?"

ஆளாளுக்குப் போய் விசாரிப்பதால் ஷேடு தேறாது என்று எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். பகல் நிறம் எங்கேயும் இல்லை. என்னிடமும் இல்லை, யாரிடமும் இல்லை. என்னிடம் இருந்தது சமையலறை நிறம் ஒன்றுதான். அதை மாற்றாமல் விட்டேன். உருவத்தை உள்ளே கொண்டுபோய்ச் சமையலறை அலமாரியில், அவள் உட்காரும் இடத்தைப் பார்த்த மாதிரி வைத்தேன். ஜன்னல் கதவைச் சாத்தினேன். டியூப் லைட்டைப் போட்டால் அவள் இருந்தாள். அது போதும் என்று முடிவு செய்தேன். விதிவிலக்குக்கு அனுமதி கொடுப்பதும் ஒரு நடைமுறைதான், அதற்கும் எங்கள் கம்பெனியில் வழி இருந்தது.

வருட திதிக்கு மகன் முதல் நாளே வந்தான். நல்லவன். வந்ததும் வீட்டைச் சுற்றிப் பார்த்து, எது ஒழுகுகிறது, எது ஆடுகிறது என்று கவனித்துச் சரி செய்துவிட்டுப் போவான். திதிக்கு வாழைக்காயும் இலையும் வாங்க நான் கடைக்குப் போயிருந்தேன். திரும்பி வந்து காய்கறிப் பையைச் சமையலறையில் வைத்தபோது, உள்ளே எல்லாம் வெள்ளையாக இருந்தது. சுவர், பாத்திரம், என் கை, எல்லாம்.

"சிஎஃப்எல் போட்டிருக்கேன்ப்பா" என்றான் மகன், ஸ்டூலில் இருந்து இறங்கிக்கொண்டே. "அந்த டியூப் ரெண்டு ஓரமும் கறுத்துப்போய் மினுக்கிட்டே இருந்துச்சு. எப்படித்தான் அதுல சமைச்சீங்களோ. இப்ப பாருங்க, பளிச்சுனு."

நான் அலமாரியைப் பார்த்தேன். வாசற்படியில் பார்த்த பெண்கூட இல்லை இது. மூன்றாவதாக ஒருத்தி.

"டியூப் எங்க?"

"குப்பைத்தொட்டியில போட்டுட்டேன். கையில குத்திடப் போவுதுன்னு நானே ஒடைச்சு, பேப்பர்ல சுத்திப் போட்டேன்."

அவன் முகத்தில் செய்து முடித்த திருப்தி இருந்தது. என்ன சொல்வது? அந்த விளக்கில்தான் உன் அம்மா இருந்தாள் என்றா? மறுநாள் திதி. ஐயர் வந்தார், ஹாலில் போட்டோவுக்கு மாலை போட்டு எல்லாம் ஒழுங்காக நடந்தது. உருவம் உள்ளேயே இருந்தது. மகனும் அதைப் பற்றிக் கேட்கவில்லை.

அவன் ஊருக்குப் போன பிறகு எலெக்ட்ரிகல் கடையில் அதே கம்பெனி டியூப் கேட்டு வாங்கி, சோக்கு மாட்டிப் பார்த்தேன். புதிய டியூப் நீலமாக எரிந்தது. நான் கேட்டது பல வருடம் எரிந்து பழுத்த வெளிச்சம். அதை எந்தக் கடையில் கேட்பது? வேறு கம்பெனி டியூப்பும் வாங்கிப் பார்த்தேன். கடைக்காரர், "உங்க வீட்டுல என்ன சார், டான்ஸ் ஸ்டேஜா?" என்றார். புது வெளிச்சத்துக்குத் தகுந்த மாதிரி நிறத்தை மாற்றலாமே என்று உட்கார்ந்தேன். சாயக் குப்பிகளைத் திறந்தேன். ஆனால் எதை வைத்து ஒப்பிடுவது? கண்ணை மூடினால் தரையில் அவள் வந்தாள், முகத்தில் ரோஸ்மில்க்கும் சாம்பலும் பச்சையும் மாறி மாறி ஓடின. குப்பிகளை மூடிவிட்டேன்.

அந்த வருடம் மின்வெட்டு பகலில் தவறாமல் வந்துகொண்டிருந்தது. தங்கை வந்திருந்த ஒரு மதியம், அவள் சமையலறைத் தரையில் உட்கார்ந்து எனக்காகக் கத்திரிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். கரண்ட் போனது. ஜன்னல் சாத்தியிருந்ததால் பட்டப்பகலிலும் அறை இருண்டுவிட்டது. நறுக்கும் சத்தம் நின்றது.

"மெழுகுவத்தி எங்க மாமா?"

"தேடறேன், இரு."

நான் தட்டுத் தடுமாறி அலமாரிப் பக்கம் நகர்ந்தேன். அவள் திடீரென்று, "வேணாம், அப்புடியே நில்லுங்க" என்றாள்.

"ஏம்மா?"

"அக்காவப் பாருங்க. இப்பத்தான் அக்கா மாதிரி இருக்குது."

நான் பார்த்தேன். இருட்டில் ஒரு முழங்காலும் அதன் மேல் ஒரு கையும் இருப்பது கொஞ்சம் தெரிந்தது. முகம் இருக்க வேண்டிய இடத்தில் ஒன்றும் தெரியவில்லை. அவளுக்கு என்ன தெரிந்ததோ. மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. மெழுகுவர்த்தி என் கைக்குத் தட்டுப்பட்டது. எடுக்காமல் நின்றேன்.

கரண்ட் வந்தது. சிஎஃப்எல் மங்கலாகத் தொடங்கி மெல்ல மெல்ல வெளுத்தது. அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, அலமாரிப் பக்கம் பார்க்காமல், மிச்சமிருந்த கத்திரிக்காயை நறுக்க ஆரம்பித்தாள்.